கல் பிரமிடு கட்டும் முன்: பரப்பளவு, கன அளவுக் கணக்கை அடுக்கடுக்காகப் போடுவது எப்படி

பிரமிடின் கன அளவு என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடம் போன யாரும் சொல்லிவிடுவார்கள்: அடிப்பரப்பு பெருக்கல் உயரம், அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அந்த எண்ணைக் கொண்டுபோய்க் கல் வெட்டுபவரிடம் நீட்டினால் கல் பற்றாமல் போகும். சூத்திரம் சொல்வது வழவழப்பான, படியில்லாத, காகிதத்தில் மட்டும் இருக்கும் உருவத்தை. நாம் அடுக்கப்போவது படிகளை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம், அது எங்கே பரவாயில்லை, எங்கே கையைக் கடிக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் திட்டமிடலில் பாதி வேலை.

ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். அடி 6 மீட்டர் சதுரம், உயரம் 4 மீட்டர், உள்ளே அறை எதுவும் இல்லாத கெட்டிப் பிரமிடு. தோட்டத்தில் நிற்கக்கூடிய அளவுதான். கணக்கு எந்த அளவுக்கும் இதேதான்.

படி 1: முதலில் சாய்வு, பிறகுதான் அளவு

6 மீட்டருக்கு 4 மீட்டரை நான் சும்மா எடுக்கவில்லை. அடியின் பாதி 3, உயரம் 4. அப்படியானால் பக்க முகத்தின் நடுவில், அடியிலிருந்து உச்சி வரை அளக்கும் சாய்வு உயரம் சரியாக 5. முழு எண்களாக வரும் செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டால் வேலைத் தளத்தில் தசமப் புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சாய்வைக் கோணமாக, 53 டிகிரி என்று சொன்னால் கல் வைப்பவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. பழைய எகிப்தியர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். ஒரு முழம் உயர ஏறினால் எவ்வளவு உள்ளே வாங்க வேண்டும் என்பதே அவர்கள் சாய்வைச் சொன்ன விதம். அந்த அளவுக்கு 'செகெத்' என்று பெயர். ஒரு முழத்துக்கு 7 உள்ளங்கை, ஓர் உள்ளங்கைக்கு 4 விரல். கிசாவின் பெரிய பிரமிடுக்குச் செகெத் ஐந்தரை உள்ளங்கை. அதன் பக்கத்தில் நிற்கும் காஃப்ரே பிரமிடுக்கு 5 உள்ளங்கையும் ஒரு விரலும், அதாவது 28 விரல் உயர்ந்தால் 21 விரல் உள்ளே. சுருக்கினால் 4-க்கு 3. நம் பிரமிடின் சாய்வும் அதுவே. 20 செ.மீ. ஏறினால் 15 செ.மீ. உள்வாங்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் கொத்தனாரிடம் சொன்னால் போதும்.

சாய்வை நடுவில் மாற்றும்படி ஆகிவிடக் கூடாது. எகிப்தின் தாஷூரில் ஸ்னெஃப்ரு மன்னர் கட்டிய வளைந்த பிரமிடு கீழே சுமார் 54 டிகிரியில் எழும்பி, பாதி உயரத்துக்கு அருகில் 43 டிகிரிக்குப் படுத்துக்கொண்டது. கட்டும்போதே உள்ளே விரிசல்கள் கண்டதால் பாரத்தைக் குறைக்க அப்படிச் செய்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அந்த முறிவு இன்றைக்கும் தூரத்திலிருந்தே தெரிகிறது.

படி 2: சூத்திரத்தின் எண்கள்

அடிப்பரப்பு 6 × 6 = 36 சதுர மீட்டர்.
கன அளவு 36 × 4 ÷ 3 = 48 கன மீட்டர்.
ஒரு பக்க முகம் 6 × 5 ÷ 2 = 15, நான்கும் சேர்ந்து 60 சதுர மீட்டர்.

ஏன் மூன்றில் ஒரு பங்கு? ஒரு கனசதுரத்தின் நட்டநடுப் புள்ளியிலிருந்து எட்டு மூலைகளுக்கும் கோடு இழுத்துப் பாருங்கள். கனசதுரம் ஒரே மாதிரியான ஆறு பிரமிடுகளாகப் பிரியும். ஒவ்வொன்றின் அடியும் கனசதுரத்தின் ஒரு முகம், உயரம் பக்கத்தில் பாதி. அடிப்பரப்பை இந்தப் பாதி உயரத்தால் பெருக்கினால் கனசதுரத்தில் பாதி வரும். பிரமிடோ ஆறில் ஒரு பங்கு. பாதியில் மூன்றில் ஒன்று ஆறில் ஒன்றுதானே. மற்றச் சாய்வுகளுக்கும் இதே பின்னம் செல்லும், ஏனென்றால் உயரத்தை மட்டும் இழுத்து நீட்டினால் கன அளவும் அதே விகிதத்தில் நீளும்.

இந்தப் பின்னத்தில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். முக்கோண அடி கொண்ட பிரமிடுக்கு அடிப்பரப்பு பெருக்கல் உயரத்தில் பாதி என்று எழுதினார் ஆரியபடர். 628-ல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாகத் தந்தார். நாம் பாதி என்று போட்டிருந்தால் 72 கன மீட்டர் கல் வந்து இறங்கியிருக்கும், அதில் 24 கன மீட்டர் வீண். ஆனால் இதே ஆரியபடர்தான் அடுத்த படியில் நமக்குக் கைகொடுக்கப் போகிறார்.

படி 3: அடுக்கடுக்காக எண்ணுங்கள்

இதுதான் உண்மையான கணக்கு. நிதானமாகப் பார்ப்போம்.

ஓர் அடுக்கின் உயரம் 20 செ.மீ. என்று வைத்தால் 4 மீட்டருக்கு 20 அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் நான்கு பக்கமும் 15 செ.மீ. உள்வாங்கும், ஆகவே பக்க நீளம் 30 செ.மீ. குறையும்: 6.0, 5.7, 5.4 என்று இறங்கிக் கடைசி அடுக்கு 0.3 மீட்டர். இப்போது கல்லின் அளவை 30 × 30 × 20 செ.மீ. என்று எடுத்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. முதல் அடுக்கில் வரிசைக்கு 20 கல் வீதம் 20 வரிசை, அதாவது 400 கல். அடுத்தது 19 × 19 = 361. அப்படியே போய் உச்சியில் ஒரே ஒரு கல்.

மொத்தம் எத்தனை? 1-லிருந்து 20 வரை வர்க்கங்களின் கூட்டல். இதற்கான சுருக்குவழி ஆரியபடர் 499-ல் எழுதிய நூலிலேயே இருக்கிறது: கடைசி எண், அதைவிட ஒன்று கூடிய எண், கடைசி எண்ணின் இரட்டிப்போடு ஒன்று சேர்ந்த எண், மூன்றையும் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். 20 × 21 × 41 ÷ 6 = 2,870 கல்.

இந்தக் கல் அளவுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வோர் அடுக்கும் அரைக் கல் உள்வாங்குவதால் மேலே வைக்கும் கல் கீழே இருக்கும் நான்கு கற்களின் சந்திப்பு மேல் தானாகவே உட்காரும். இணைப்பின் மேல் இணைப்பு வரவே வராது. சுவர் கட்டும்போது படாத பாடுபட்டு இணைப்பை மாற்றிவிடுகிறோமே, அது இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு கல்லின் இடம் 0.018 கன மீட்டர். 2,870 கல்லுக்கு 51.66 கன மீட்டர். சூத்திரம் சொன்னது 48. படிகளின் மூக்குகள் சாய்வுக் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் வந்த அதிகம் இது, கிட்டத்தட்ட 7.6 சதவீதம். அடுக்கின் உயரத்தை 40 செ.மீ. ஆக்கிப் பத்தே அடுக்கில் முடித்தால் என்ன ஆகும்? 55.44 கன மீட்டர், அதாவது 15.5 சதவீதம் கூடுதல். அடுக்கு மெலிய மெலிய எண் 48-ஐ நெருங்கும். பெரிய கல்லாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 4: பரப்பளவு வைக்கும் பொறி

அடுக்கு மெலிந்தால் சூத்திரத்தை நெருங்கும் என்று கன அளவில் இருந்த அந்த நல்ல குணம் பரப்பளவில் இல்லை. நானும் முதலில் இதில்தான் ஏமாந்தேன். நீர்ப்புகாப் பூச்சு அடிக்க 60 சதுர மீட்டர் என்று குறித்துவைத்தால் போதுமா?

போதாது. படிகளின் மிதிபரப்பையும் நிற்கும் முகத்தையும் தனித்தனியே எண்ணுங்கள். மேலிருந்து செங்குத்தாகப் பார்த்தால் எல்லா மிதிகளும் சேர்ந்து அடிச் சதுரத்தை அப்படியே நிரப்பும். ஆகவே மிதிகள் 36 சதுர மீட்டர், எத்தனை அடுக்கு போட்டாலும் சரி. நிற்கும் முகங்கள்: ஒவ்வோர் அடுக்கின் சுற்றளவையும் 0.2-ஆல் பெருக்கிக் கூட்டினால் 50.4. மொத்தம் 86.4 சதுர மீட்டர். சூத்திரத்தைவிட 44 சதவீதம் அதிகம்.

அடுக்கை மெலிதாக்கினால் குறையுமா? 10 செ.மீ. அடுக்காக 40 போட்டால் 85.2. தாள் தடிமனில் அடுக்கினாலும் 84-க்குக் கீழே இறங்காது. கண்ணுக்கு வழவழவென்று தெரியும் பிரமிடும் கணக்கில் 60-ஐத் தொடாது. சரிவில் நடப்பதற்கும், படியில் முன்னே ஒரு அடி மேலே ஒரு அடி என்று நடப்பதற்கும் உள்ள தூர வித்தியாசம்தான் இது. படி எவ்வளவு சின்னதானாலும் நடக்கும் தூரம் அதேதான்.

ஆகவே பூச்சு, கழுவல், மேற்பரப்புச் செதுக்கல் எல்லாவற்றுக்கும் 86.4. படிகளை மூடி வழவழப்பாக உறைக்கல் (மேலே போர்த்தும் சரிவான கல்) பதிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 60. அப்போது உள்கட்டு சாய்வுக் கோட்டுக்குள் அடங்க வேண்டும், அதாவது 19 கல் வரிசையில் தொடங்க வேண்டும். 2,470 கல், 44.46 கன மீட்டர். மிச்சம் 3.54 கன மீட்டரை ஆப்பு வடிவ உறைக்கற்கள் நிரப்பும். கன அளவில் சின்ன எண்தான், ஆனால் ஒவ்வொரு துண்டையும் சரிவாக வெட்ட வேண்டும். உழைப்பு அதில்தான் போகும். முதன்முதலாகக் கட்டுபவர் படியாகவே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

மழைக்குப் படியும் ஒன்றுதான், சரிவும் ஒன்றுதான். விழும் நீரை அளப்பது அடிச் சதுரம். 50 மி.மீ. மழையில் 36 × 0.05 = 1.8 கன மீட்டர், அதாவது 1,800 லிட்டர் அடியைச் சுற்றி வந்து இறங்கும். சுற்றிலும் வடிகால் இல்லாவிட்டால் அது நேராக அஸ்திவாரத்துக்குள் போகும். மிதிகளை வெளிப்புறமாக இரண்டு மூன்று மி.மீ. சாய்த்து வையுங்கள்.

படி 5: கல், கலவை, எடை

30 × 30 × 20 என்பது கல்லின் அளவு அல்ல, கல் உட்காரும் இடத்தின் அளவு. இணைப்புக்கு ஒரு செ.மீ. கலவை விட்டால் வெட்ட வேண்டிய கல் 29 × 29 × 19 தான். இதை மறந்து முழு அளவில் வெட்டிக் கொண்டுவந்தால் 20 கல்லை வைக்கும்போது வரிசை 20 செ.மீ. வெளியே போயிருக்கும்.

ஒரு கல்லின் கன அளவு சுமார் 0.016 கன மீட்டர். சுண்ணாம்புக்கல்லுக்குக் கன மீட்டருக்கு 2.4 டன் என்று எடுத்தால் 38 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். கருங்கல் என்றால் 2.65 டன் அளவில் 42 கிலோ ஆகும். 2,870 கல்லும் சேர்ந்து 45.9 கன மீட்டர், 110 டன். இணைப்புகளை நிரப்பும் கலவை 5.8 கன மீட்டர். ஒரு செ.மீ. தானே என்று நினைப்போம், மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு அது.

உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 3,014 கல், 116 டன். 10 டன் லாரியில் 12 நடை.

எல்லாக் கல்லையும் ஒரே நேர்த்தியாகச் செதுக்க வேண்டுமா? வேண்டாம். வெளியே தெரிவது ஒவ்வோர் அடுக்கின் ஓர வரிசை மட்டும். முதல் அடுக்கின் 400-ல் 76 தான் ஓரம். எல்லா அடுக்கையும் கூட்டினால் உச்சிக் கல்லோடு 761. மீதி 2,109 கல்லை யாரும் பார்க்கப் போவதில்லை. அவற்றுக்கு உயரம் மட்டும் சரியாக இருந்தால் போதும், முகம் கரடுமுரடாக இருக்கலாம்.

படி 6: தரை தாங்குமா

கல்லும் கலவையும் சேர்த்து 122 டன். 36 சதுர மீட்டருக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 3.4 டன். இந்தச் சராசரியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. நட்டநடுவில் தலைக்கு மேல் 4 மீட்டர் கல் நிற்கிறது, அங்கே 9.4 டன் வரை போகலாம். ஓரத்தில் ஒரே அடுக்கு, அரை டன்கூட இல்லை. பிரமிடு அமிழ்ந்தால் நடு முதலில் அமிழும், அடுக்குகள் கிண்ணம் போல் குழியும். ஆகவே மண் பரிசோதனை நடுப்புள்ளியில் நடக்கட்டும், 9.4 என்ற எண்ணோடு ஒப்பிடுங்கள். நிரப்பிய மண், ஈரக் களிமண் என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு கல்லும் இறக்காதீர்கள். அஸ்திவாரத்தை ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் நீட்டி 7 × 7 மீட்டர், ஆழம் அரை மீட்டர் எடுத்தால் 24.5 கன மீட்டர். தோண்டிய மண் உதிர்ந்து 30 கன மீட்டர் அளவுக்கு உப்பும், அதைக் கொட்டவும் இடம் வேண்டும்.

படி 7: எவ்வளவு முடிந்தது என்று கணக்கிடுவது

உயரத்தை வைத்து வேலையை எடைபோட்டால் மனம் தளர்ந்துவிடும். ஐந்து அடுக்கு முடிந்து ஒரு மீட்டர்தான் எழும்பியிருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த கல் 1,630, மொத்தத்தில் 57 சதவீதம். பாதி உயரத்தில் 2,485 கல் உள்ளே போயிருக்கும். மேல்பாதிக்கு வேண்டியது வெறும் 385.

தலை வெட்டிய பிரமிடுக்கும் சூத்திரம் இருக்கிறது: அடிப் பக்கத்தின் வர்க்கம், மேல் பக்கத்தின் வர்க்கம், இரண்டு பக்கங்களின் பெருக்கல், மூன்றையும் கூட்டி உயரத்தில் மூன்றில் ஒன்றால் பெருக்க வேண்டும். மாஸ்கோவில் இருக்கும் எகிப்தியப் பாப்பிரஸின் (நாணல் தாளில் எழுதிய பழைய கணக்கு ஏட்டின்) 14-ஆம் கணக்கு இதுவேதான். அடி 4, மேல் 2, உயரம் 6 என்று கொடுத்து, 16 + 8 + 4 = 28, இரண்டால் பெருக்கி 56 என்று விடை சொல்கிறது. நமக்கு ஒரு மீட்டர் உயரத்தில் மேல் பக்கம் 4.5: 36 + 27 + 20.25 = 83.25, மூன்றில் ஒன்று 27.75. 48-ல் 58 சதவீதம். கல் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு மீட்டருக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

நாளுக்கு 60 கல் வைக்க முடியும் என்றால் முழு வேலை 48 நாள், முதல் மீட்டருக்கே 27 நாள். முதல் தவணையில் 1,630 கல்லை மட்டும் இறக்குங்கள். மொத்தத்தையும் கொட்டினால் ஒரு மீட்டர் உயரக் குவியலுக்குப் பிரமிடின் அடியைவிட அதிக இடம் போய்விடும்.

தூக்கும் வேலை மலைப்பாகத் தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒவ்வொரு கல்லும் ஏற வேண்டிய உயரத்தின் சராசரி 93 செ.மீ. தான். 110 டன்னை அவ்வளவு தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதுகை ஒடிப்பது பக்கவாட்டில் சுமப்பதும், வைத்த கல்லை எடுத்துத் திரும்ப வைப்பதும்தான். கல் குவியலை நான்கு பக்கமும் பிரித்துப் போடுங்கள்.

பெரிய பிரமிடையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்க ஆசை வருமே. அடி 230.3 மீட்டர், முதலில் இருந்த உயரம் 146.6. கன அளவு சுமார் 25.9 லட்சம் கன மீட்டர். பொதுவாகச் சொல்லப்படும் 23 லட்சம் கற்களால் வகுத்தால் கல்லுக்கு 1.13 கன மீட்டர், இரண்டரை டன்னுக்குச் சற்றே மேல். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன 20 ஆண்டு என்ற கணக்கில் நாளுக்கு 315 கல், பத்து மணி நேர வேலையில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

இந்த எண்ணைப் பார்த்த உற்சாகத்தில் நம் பிரமிடின் அடியை 7 மீட்டராக்கலாமே என்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். அதே சாய்வில் ஒரு மீட்டர் கூட்டினால் கல் 59 சதவீதம் கூடும். கன அளவு மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது.

படி 8: கோணல் இல்லாமல் ஏறுவது

முதல் அடுக்குக்கு முன் நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டி மூலைவிட்டங்களை அளங்கள். இரண்டும் 8.485 மீட்டர் வர வேண்டும். பக்கங்கள் சரியாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால் உருவம் சாய்சதுரம் ஆகிவிட்டது என்று பொருள். பெரிய பிரமிடின் 230 மீட்டர்ப் பக்கங்களுக்கிடையே ஓரடி வித்தியாசம்கூட இல்லை என்பதை நினைத்துக்கொண்டு அளங்கள்.

15 செ.மீ. உள்வாங்கலைக் கீழ் அடுக்கின் ஓரத்திலிருந்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடுக்குக்கு 5 மி.மீ. ஒரே பக்கம் பிசகினால் உச்சிக்குப் போகும்போது ஒன்பதரை செ.மீ. விலகியிருக்கும். உச்சிக் கல்லே 30 செ.மீ. தான், கோணல் பளிச்சென்று தெரியும். ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் நடுப்புள்ளியை மேலே ஏற்றிக் குறியுங்கள், அங்கிருந்து நான்கு பக்கமும் அளங்கள். 6-ஆம் அடுக்கின் பக்கம் 4.5 மீட்டர், மூலைவிட்டம் 6.364. 11-ஆம் அடுக்கில் 3.0, 4.243. 16-ஆம் அடுக்கில் 1.5, 2.121. இந்த மூன்று இடத்திலும் ரசமட்டம் வைத்து உயரத்தையும் சரிபார்த்து, பிசகு இருந்தால் அங்கேயே கலவைத் தடிமனில் சரிக்கட்டிவிட வேண்டும். அடுத்த ஐந்து அடுக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது சரியாகாது.

உச்சிக்குத் தட்டைக் கல் வேண்டாம் என்றால் 30 செ.மீ. அடியும் 20 செ.மீ. உயரமும் கொண்ட குட்டிப் பிரமிடாகவே ஒரு கல்லைச் செதுக்கச் சொல்லலாம். 30 × 30 × 20 ÷ 3 = 6,000 கன செ.மீ., ஆறு லிட்டர். 14.4 கிலோ. ஒருவரே தூக்கிக்கொண்டு படியேறிவிடலாம்.